‘இங்கே’ என்றால் எங்கே?

சேலத்தில் இருக்கும் நீங்கள், மதுரையில் இருக்கும் நண்பருக்கு ஒரு சாவியையும் ஒரு கடிதத்தையும் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில், “இச்சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடவும்” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நண்பர் மதுரையில் தம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார். “எங்களுக்கு எந்தச் சாவியும் வேண்டாம்” என்று பதில் வருகிறது. நண்பரும் உங்களுக்கு, “மறுத்துவிட்டார்கள்” என்று ஒரே சொல்லில் பதில் எழுதுகிறார். யார் மறுத்தார்கள், எந்த ஊரில் மறுத்தார்கள் என்பது அதில் இல்லை. நீங்களோ சேலத்தில் உங்கள் பக்கத்து வீட்டாரை முறைத்துப் பார்க்கிறீர்கள்!

இது வேடிக்கைக் கதையாகத் தோன்றலாம். ஆனால் விண்டோஸ் கணிப்பொறிக்குள் லினக்ஸை வைத்துக்கொண்டு, தொலைவிலுள்ள சர்வருக்கு எஸ்.எஸ்.எச். வழியாகப் பாதை போட முயலும் மாணவர்கள் பலர் இக்கதையில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு மாலைப்பொழுது முழுவதும் வீணான பிறகு, தமக்கு அறிவு போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அம்முடிவு தவறு. குறையின் பெரும் பகுதி, கருவிகளை வடிவமைத்தவர்கள் கையாண்ட ஒரு சொல்லிலும், அவர்கள் எழுதாமல் விட்ட சில சொற்களிலும் இருக்கிறது. அது எவ்வாறு என்பதையும், அதனால் விளையும் ஆபத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

பூட்டிய சுரங்கப் பாதை

எஸ்.எஸ்.எச். 1995-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் பிறந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடிவிட்டார்கள். அங்கு ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யூலோனென், தொலைவிலுள்ள கணிப்பொறியோடு பேசும்போது ஒவ்வோர் எழுத்தையும் மறைமொழியாக்கி அனுப்பும் இந்நிரலை எழுதினார். அவர் கேட்டுப் பெற்ற போர்ட் எண் 22. கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் இடையே காலியாக இருந்த எண் அது. இன்று பெரும்பாலான இடங்களில் இருப்பது, ஓபன்பி.எஸ்.டி. குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஓபன் எஸ்.எஸ்.எச். என்னும் வடிவம்.

போர்ட் என்றால் என்ன? கணிப்பொறியின் முகவரியை ஒரு கட்டடத்தின் முகவரி எனக் கொண்டால், போர்ட் என்பது அறை எண். 1 முதல் 65535 வரை அறைகள் உண்டு. ஒரு நிரல் ஓர் அறையில் உட்கார்ந்து, கதவு தட்டப்படுகிறதா என்று காத்திருக்கும். அறையில் எவரும் இல்லையென்றால், தட்டியவருக்கு உடனே மறுப்பு வரும்.

சில அறைகளை வெளியாருக்குத் திறக்கக் கூடாது. உங்கள் துறையின் சர்வரில் ஜுபிட்டர் என்னும் கணக்கீட்டு நிரல் 8888-ஆம் அறையில் ஓடுகிறது. சர்வருக்குள்ளிருந்து தட்டினால் மட்டுமே திறக்கும். விடுதியிலிருந்து அதை எப்படிப் பயன்படுத்துவது? இங்கேதான் எஸ்.எஸ்.எச்.சின் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ கைகொடுக்கிறது. உங்கள் கணிப்பொறியில் ஓர் அறையைத் திறந்து, அதில் தட்டுபவரைப் பூட்டிய சுரங்கப் பாதை வழியாகச் சர்வருக்குள் கொண்டு சென்று, அங்கிருந்து உரிய அறையைத் தட்டச் செய்கிறது. நல்ல ஏற்பாடு, முப்பது ஆண்டுகளாக உலகெங்கும் பயன்பட்டு வருவது.

ஒரே கட்டளையில் இரண்டு இடங்கள்

இப்பாதையைப் போட, எஸ்.எஸ்.எச். கட்டளையில் ‘எல்’ என்ற குறியைச் சேர்த்து, ‘8888 : லோக்கல்ஹோஸ்ட் : 8888’ என்று எழுதிப் பின்னர் சர்வரின் பெயரைத் தருகிறோம். இதில் நடுவிலிருக்கும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இதே கணிப்பொறி’ என்று பொருள். அதன் எண் முகவரி 127.0.0.1. இணையத்தின் முகவரிகளில் 127 என்று தொடங்கும் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 முகவரிகளும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அம்முகவரிகள் எந்தக் கணிப்பொறியை விட்டும் வெளியே வரலாகாது என்று 1989-இல் வந்த இணைய விதி கண்டிப்பாகச் சொல்கிறது. ஆகவே உலகில் எத்தனை கணிப்பொறிகள் உண்டோ அத்தனை லோக்கல்ஹோஸ்டுகள் உண்டு. ‘நான்’ என்ற சொல்லைப் போல, சொல்பவரைப் பொறுத்துப் பொருள் மாறும் சொல் இது.

மேற்கண்ட கட்டளையைத் தட்டியவர் விடுதியில் இருக்கிறார். ஆனால் நடுவிலுள்ள லோக்கல்ஹோஸ்டைப் படித்துப் பொருள்கொள்வது தொலைவிலுள்ள சர்வர். எனவே அது சர்வரையே குறிக்கும். எதிர்த்திசையில் பாதை போட ‘ஆர்’ என்ற குறி உண்டு. அதில் அறை திறப்பது சர்வரில். நடுவிலுள்ள லோக்கல்ஹோஸ்டைப் படிப்பது, கட்டளையை ஓட்டிய உங்கள் பக்கத்துக் கணிப்பொறி. ஓர் எழுத்து மாறியதும் அதே சொல் ஊர் மாறிவிடுகிறது. கையேட்டில் இது எழுதப்பட்டிருக்கிறது என்பது உண்மை. எனினும் கட்டளையின் தோற்றத்தில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. இது முதற் குறை.

வீட்டுக்குள் இன்னொரு வீடு

இரண்டு இடங்கள் இருந்தவரை சமாளித்துக்கொள்ளலாம். விண்டோஸுக்குள் லினக்ஸ் வந்ததும் மூன்றாவது இடம் ஒன்று சேர்ந்துகொண்டது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டபிள்யு.எஸ்.எல். என்ற அமைப்பை 2016-இல் வெளியிட்டது. அதன் முதல் வடிவத்தில் லினக்ஸின் உட்கரு கிடையாது. லினக்ஸ் நிரல் கேட்பதை விண்டோஸ் மொழியில் பெயர்த்துச் சொல்லும் ஒரு துபாஷி மட்டுமே இருந்தது. வலையமைப்பு இருவருக்கும் பொது. ஆகவே லோக்கல்ஹோஸ்டும் ஒன்றுதான், குழப்பத்துக்கு இடமில்லை.

2019-இல் அறிவிக்கப்பட்டு 2020-இல் பரவலாக வந்த இரண்டாம் வடிவம் அடிப்படையிலேயே வேறு. இதில் உண்மையான லினக்ஸ் உட்கரு, ஒரு மெய்நிகர் கணிப்பொறிக்குள் ஓடுகிறது. வேகமும் பொருத்தமும் பெரிதும் உயர்ந்தன. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வலையமைப்பைப் பொறுத்தவரை உபுண்டு இப்போது தனிக் கணிப்பொறி. பெரிய வீட்டின் பின்கட்டில் குடியிருப்பவரைப் போல அதற்குத் தனி முகவரி உண்டு. வெளியுலகுக்குப் போகும் கடிதங்கள் வீட்டுக்காரரான விண்டோஸின் முகவரியிட்டே போகும். இம்முறையை ‘நாட்’ என்கிறார்கள். பின்கட்டின் முகவரி மறுதொடக்கத்தில் மாறியும் போகும்.

தமிழ் இலக்கணத்தில் சுட்டெழுத்துகள் மூன்று: அ, இ, உ. ‘இங்கே’, ‘அங்கே’ என்பவற்றோடு, இரண்டுக்கும் இடைப்பட்டதைச் சுட்டும் ‘உங்கே’ என்ற சொல்லும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் வாழ்கிறது. நம் மாணவருக்கும் உபுண்டு, விண்டோஸ், சர்வர் என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. ஆனால் மூன்றுக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற ஒரே சொல்தான்!

பாதி மறைத்த சுவர்

இந்நிலையில் வடிவமைப்பாளர்கள் ஒரு சலுகை செய்தார்கள். உபுண்டுவில் ஒரு நிரல் ஓர் அறையைத் திறந்தால், விண்டோஸ் அதைக் கவனித்துத் தன் லோக்கல்ஹோஸ்டிலும் அதே எண்ணில் ஒரு வாசல் வைத்து, வருவோரை உள்ளே அனுப்பிவிடும். எனவே உபுண்டுவில் பாதை போட்ட மாணவர், விண்டோஸின் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8888 என்று தட்டினால் ஜுபிட்டர் வந்து நிற்கிறது. மாணவர் மகிழ்கிறார். கூடவே ஒரு பாடமும் கற்றுக்கொள்கிறார்: ‘இரண்டும் ஒன்றே.’

அப்பாடம் தவறு. ‘நாட்’ முறையில் இச்சலுகை ஒருவழிப் பாதை. விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்குப் போகலாம். உபுண்டுவிலிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்று கூப்பிட்டால் விண்டோஸ் கேட்காது.

அடுத்த வாரம் அதே மாணவர், விண்டோஸில் நிறுவிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைச் சர்வரிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. அதன் அறை எண் 5432. உபுண்டுவில் ‘ஆர்’ குறியிட்டு ‘5432 : லோக்கல்ஹோஸ்ட் : 5432’ என்று எழுதுகிறார். பாதை விழுகிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. சர்வரிலிருந்து தட்டினால் கதவு திறந்து உடனே மூடிக்கொள்கிறது. காரணம் உங்களுக்கு இப்போது விளங்கும். அந்த லோக்கல்ஹோஸ்டைப் படித்தது உபுண்டு. உபுண்டுவின் 5432-ஆம் அறை காலி. தரவுத்தளமோ சுவருக்கு அப்பால், விண்டோஸில் காத்திருக்கிறது.

சுவர் முழுதாகத் தெரிந்திருந்தால் மாணவர் முதல் நாளே வாசலைத் தேடியிருப்பார். சுவரே இல்லாதிருந்தால் தேட வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் மறைத்த சுவர்தான் முட்டவைக்கிறது. வசதிக்காகச் செய்த ஏற்பாடு தவறான நம்பிக்கையை ஊட்டுகிறது. இது இரண்டாம் குறை. என் கருத்தில் எல்லாவற்றிலும் பெரிய குறை.

மறுத்தவர் யார்?

இனிப் பிழைச் செய்திகளைப் பார்ப்போம். ‘எல்’ பாதையின் மறுகோடியில் நிரல் இல்லையென்றால் திரையில் தோன்றுவது இதுதான்: ‘சானல் 3: ஓபன் ஃபெயில்டு: கனெக்ட் ஃபெயில்டு: கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு.’ இணைப்பு மறுக்கப்பட்டது என்று பொருள். மறுத்த கணிப்பொறி எது, அறை எண் என்ன என்பவை இல்லை. சானலின் எண் இருக்கிறது; அது மாணவருக்கு எந்த வகையிலும் பயன்படாது. மதுரை நண்பரின் ஒற்றைச் சொல் கடிதம் நினைவுக்கு வருகிறதல்லவா?

‘ஆர்’ பாதை தோற்றால் வரும் செய்தி சற்று மேல்: லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 5432 தோல்வி என்கிறது. ஆனால் எந்தச் சொல்லால் குழப்பம் வந்ததோ அதே சொல்லைத்தான் திருப்பிச் சொல்கிறது.

மற்றொன்றும் உண்டு. உங்கள் பக்கத்து அறையை வேறொரு நிரல் முன்பே பிடித்திருந்தால் பாதை போட முடியாது. அப்போதும் எஸ்.எஸ்.எச். நிற்பதில்லை. ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு, வழக்கம்போல் சர்வருக்குள் நுழைந்துவிடுகிறது. சர்வரின் நீண்ட வரவேற்புரைக்கிடையே எச்சரிக்கை கண்ணில் படுவதில்லை. பாதை விழாவிட்டால் நின்றுவிடு என்று கட்டளையிட ‘எக்ஸிட்ஆன்ஃபார்வர்டுஃபெய்லியர்’ என்ற அமைப்பு இருக்கிறது. ஆனால் இயல்பு நிலையில் அது ‘இல்லை’ என்றே வைக்கப்பட்டிருக்கிறது. பாதைக்காகவே வந்தவருக்குப் பாதையின்றி நுழைவு எதற்கு?

ஆபத்தான வைத்தியம்

இவையெல்லாம் சிறு தொல்லைகள்தாமே, இதற்கு ஒரு கட்டுரை வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் தெரியாத நோய்க்குக் கைவைத்தியம் செய்யும்போதுதான் உண்மையான கேடு விளைகிறது.

தரவுத்தளத்தை எட்ட முடியாமல் அலுத்துப்போன மாணவருக்கு மூன்று யோசனைகள் கிடைக்கும். எல்லா முகவரிகளிலும் கேட்குமாறு தரவுத்தளத்தை மாற்று, அதாவது 0.0.0.0 என்று எழுது. விண்டோஸின் தீயரணை அணைத்துவிடு. விண்டோஸில் ‘போர்ட்பிராக்ஸி’ ஒன்றை வைத்து எல்லாரையும் உள்ளே திருப்பிவிடு. மூன்றையும் சேர்த்துச் செய்தால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். மாணவர் நிம்மதியாக உறங்கப் போவார்.

அவருடைய கணிப்பொறியோ உறங்காது. விடுதியின் வைஃபையில் இணைந்திருக்கும் எவரும் இப்போது அந்தத் தரவுத்தளத்தின் கதவைத் தட்டலாம். கடவுச்சொல் எளிதானதாக இருந்தால் உள்ளேயும் போகலாம். போஸ்ட்கிரெஸ் இயல்பாக லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்பதும், எஸ்.எஸ்.எச். தான் திறக்கும் அறைகளை இயல்பாக அதே கணிப்பொறிக்குள் மட்டும் வைத்திருப்பதும் மிகச் சிறந்த தற்காப்புகள். ஒட்டுக்கேட்பைத் தடுக்கப் பிறந்த கருவியைப் பயன்படுத்தப் போய், ஊரார் அனைவருக்கும் கதவைத் திறந்துவைப்பது எவ்வளவு பெரிய முரண்! ஒரு தெளிவற்ற சொல் இங்கே பாதுகாப்புக் குறையாகவே வளர்ந்துவிடுகிறது.

கோளாற்றைக் கண்டுபிடிக்கும் முறை

வைத்தியத்துக்கு முன் நோயை அறிய வேண்டும். அதற்குச் சிக்கலான அறிவு தேவையில்லை, ஒழுங்கு தேவை.

முதலில், நீங்கள் எட்ட விரும்பும் நிரல் எங்கே ஓடுகிறதோ அங்கேயே அதைத் தட்டிப் பாருங்கள். சர்வரிலுள்ள ஜுபிட்டர் என்றால், சர்வருக்குள் நுழைந்து ‘கர்ல்’ கட்டளையால் லோக்கல்ஹோஸ்ட் 8888-ஐத் தட்டவேண்டும். அங்கேயே திறக்கவில்லையென்றால் பாதையைக் குறை கூறிப் பயனில்லை. அடுத்து, பாதையைப் போட்ட உபுண்டுவில் தட்டுங்கள். அதற்கும் அடுத்து, விண்டோஸில் தட்டுங்கள். எந்த இடத்தில் முதன்முதலாகத் தோல்வி வருகிறதோ, அதற்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

தோல்வியின் வகையும் ஒரு துப்பு. உடனே மறுப்பு வந்தால், நீங்கள் தட்டிய அறையில் எவரும் இல்லை. பெரும்பாலும் நீங்கள் வேறொரு ‘இங்கே’யில் தட்டுகிறீர்கள். கதவு திறந்து உடனே மூடினால், பாதையின் இந்த முனை சரி, மறுமுனை தவறு. நெடுநேரம் பதிலே இல்லையென்றால், வழியில் ஒரு தீயரண் பேசாமல் விழுங்குகிறது என்று ஐயுறலாம். எஸ்.எஸ்.எச். கட்டளையில் ‘வி’ என்ற குறியைச் சேர்த்தால், எந்த அறைக்கு வந்த இணைப்பு எங்கே திருப்பப்படுகிறது என்று அதுவே விவரமாகச் சொல்லும். இயல்பான செய்தியில் இருந்திருக்க வேண்டிய விவரம் இது!

தரவுத்தளச் சிக்கலுக்கு எளிய தீர்வு என்ன? கட்டளையை உபுண்டுவில் ஓட்டாமல் விண்டோஸில் ஓட்டுவதுதான். 2018 முதல் விண்டோஸ் 10-இலேயே ஓபன் எஸ்.எஸ்.எச். சேர்ந்து வருகிறது. அதே கட்டளையை, ஓர் எழுத்தும் மாற்றாமல், பவர்ஷெல்லில் தட்டுங்கள். இப்போது லோக்கல்ஹோஸ்டைப் படிப்பது விண்டோஸ், தரவுத்தளம் கிடைத்துவிடும். தீயரணைத் தொட வேண்டாம்; 0.0.0.0 வேண்டாம். ‘லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லுக்கு எங்கே பொருள் வேண்டுமோ, அங்கே கட்டளையை ஓட்டு’ என்பதை ‘ஆர்’ பாதைக்கு விதியாக வைத்துக்கொள்ளலாம்.

உபுண்டுவிலிருந்தே செய்தாக வேண்டுமென்றால், விண்டோஸின் முகவரி உபுண்டுவின் இயல்பு வழித்தடத்தில் தெரியும். லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் அதை எழுதலாம். ஆனால் தரவுத்தளம் அம்முகவரியிலும் கேட்க வேண்டும். தீயரண் அதற்கு இடந்தர வேண்டும். அப்போது பின்கட்டிலிருந்து வருவதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள், தெருக்கதவைத் திறக்காதீர்கள்.

குறைகள் தீருமா?

மைக்ரோசாஃப்ட் இக்குறையை உணராமல் இல்லை. 2023 செப்டம்பரில் ‘மிரர்டு’ என்னும் புதிய வலையமைப்பு முறையை அறிமுகப்படுத்தியது. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலும் அதற்குப் பிந்தியவற்றிலும், டபிள்யு.எஸ்.எல். அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் இது வந்துவிடும். இதில் 127.0.0.1 என்ற முகவரி இருபுறமும் வேலை செய்கிறது. மறைத்த சுவரை உண்மையிலேயே அகற்றும் நல்ல முயற்சி இது. எனினும் நாமே கேட்டால்தான் வரும். இயல்பாக இருப்பது ‘நாட்’ முறையே. ஐ.பி. 6-ஆம் பதிப்பின் லோக்கல்ஹோஸ்ட் முகவரிக்கு இதில் இடமில்லை என்பதால், பெயரை எழுதாமல் 127.0.0.1 என்று எண்ணையே எழுதுவது நல்லது.

சுவரை அகற்றினாலும் செய்திகள் ஊமையாகவே இருக்கின்றன. ‘சர்வரிலிருந்து பார்த்தபோது அதன் 8888-ஆம் போர்ட்டில் எவரும் இல்லை’ என்றோ, ‘உபுண்டுவின் 5432-ஆம் போர்ட் காலி’ என்றோ ஒரு வரி எழுதக் கருவிக்குத் தேவையான விவரம் அனைத்தும் அதன் கையிலேயே இருக்கிறது. ஓபன் எஸ்.எஸ்.எச்.சின் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கது, டபிள்யு.எஸ்.எல்.லின் மூலநிரலும் 2025 மே மாதம் வெளியிடப்பட்டுவிட்டது. எனவே திருத்த விரும்புவோருக்கு வழி மூடியில்லை. இதைப் படிக்கும் மாணவர்களில் ஒருவர் அவ்வரியை எழுதலாகாதா?

அதுவரை, திரையில் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லைக் காணும்போதெல்லாம், ‘இதைப் படிப்பவர் யார்?’ என்று ஒரு கணம் நின்று கேளுங்கள். விடை தெரிந்த பிறகு கதவைத் தட்டுங்கள். பக்கத்து வீட்டாரை வீணாக முறைக்க வேண்டியிராது.